ஹெரால்டை ஓபன் கார் ஆக்குவது: கூரையைக் கழற்ற அரை நாள், மற்றதற்கு ஆறு மாதம்

ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் கூரை வெல்டிங்கில் நிற்கவில்லை, போல்ட்டில் நிற்கிறது. இது தெரிந்த நாளிலிருந்து எனக்குக் கை அரித்துக்கொண்டே இருந்தது. ஸ்பேனரை எடுத்து, நாலு பேரைக் கூப்பிட்டு, கூரையைத் தூக்கி ஓரமாக வைத்தால் ஓபன் கார் ரெடி என்றுதான் நானும் நினைத்தேன். கூரை அரை நாளில் வந்துவிட்டது. அதற்கப்புறம் வண்டி ஆறு மாதம் ஷெட்டை விட்டு நகரவில்லை. அந்த ஆறு மாதம் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் இந்த வண்டி ஏன் இப்படி என்று தெரிந்துகொள்ளுங்கள், வேலைக்கு உதவும். 1950-களில் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் இருந்த ஸ்டாண்டர்டு-ட்ரையம்ப் கம்பெனிக்குப் பாடி அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோவைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு பாடியை ஒரே துண்டாகச் செய்து தர ஆள் இல்லை. சரி, துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்து வாங்கி, தனி சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) மேல் போல்ட் போட்டுப் பூட்டிக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தார்கள். உருவம் வரைந்தவர் இத்தாலிக்காரரான மிக்கெலோட்டி. 1959-ல் ட்ரையம்ப் ஹெரால்டு வந்தது, 1960-ல் அதே அடித்தளத்தில் துணிக்கூரை மடங்கும் கன்வர்டிபிளும் வந்துவிட்டது. 1961 முதல் நம் சென்னையிலேயே ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் இதை ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் செய்தது. முன்பக்க பானெட் மட்கார்டோடு சேர்ந்து மொத்தமாக முன்னால் சாயுமே, அந்த வண்டி.

ஆக, கூரை தனித் துண்டு. கதவுக் கண்ணாடியைச் சுற்றி ஃபிரேம் கிடையாது, கண்ணாடி இறங்கினால் முன்னால் இருக்கும் முக்கோணக் கண்ணாடி மட்டும்தான் நிற்கும். அம்பாசிடர், பத்மினி கதவைப் பாருங்கள், கண்ணாடியைச் சுற்றித் தகட்டு ஃபிரேம் இருக்கும், ஓபன் கார் ஆக்க வேண்டுமென்றால் அதையே வெட்டியாக வேண்டும். ஹெரால்டில் அந்தத் தலைவலி இல்லை.

ஒரு விஷயம் இப்போதே சொல்லிவிடுகிறேன். இது எல்லாமே 2 கதவு ஹெரால்டுக்குத்தான். பிற்காலத்தில் இங்கே 4 கதவு ஹெரால்டும் செய்தார்கள், அதில் கை வைக்காதீர்கள். நடுத்தூணில் பின்கதவின் முழு எடையும் தொங்குகிறது, தூணின் மேல்முனையைக் கூரைதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. கூரை போனால் தூண் ஆடும், தூண் ஆடினால் இரண்டு கதவும் சாத்தாது.

அடுத்தது காகிதம். இதை எல்லோரும் கடைசியில் யோசிக்கிறார்கள், நான் முதலில் வைக்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி, ஆர்.சி.யில் இருக்கும் விவரம் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறுகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதியாகச் சொல்லிவிட்டது. உங்கள் ஆர்.சி.யில் சலூன் (இரும்புக் கூரை போட்ட சாதாரணக் கார்) என்று இருந்தால், கூரையில்லாமல் ரோட்டில் போகும் வண்டி அந்த ஆர்.சி.க்குப் பொருந்தாது. ஆர்.டி.ஓ. ஆபீசில் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுவிடுங்கள், இன்சூரன்ஸ்காரரிடமும் சொல்லிவிடுங்கள். இன்னொன்று, 2021-ல் வந்த விண்டேஜ் விதி. 50 வருஷத்துக்கு மேல் வயதான வண்டிக்கு 20,000 ரூபாய் கட்டி வி.ஏ. என்று வரும் தனி நம்பர் வாங்கலாம். ஆனால் சேஸிஸிலோ பாடியிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது என்று அதிலேயே இருக்கிறது. அதனால் நான் போட்டுக்கொண்ட விதி ஒன்றுதான்: எதையும் வெட்டுவதில்லை. நான் சேர்த்த ஒவ்வொன்றும் போல்ட்டைக் கழற்றினால் வந்துவிட வேண்டும், கூரை ஒரே நாளில் திரும்ப ஏற வேண்டும். கூரையில்லாமல் என் வண்டி ஓடுவது நண்பரின் தோட்டத்துக்குள் இருக்கும் மண் ரோட்டில் மட்டும்தான், பொது ரோட்டுக்கு வரும்போது கூரையோடுதான் வரும்.

இங்கிலாந்தில் வேறு கதை. 2025 வரை அங்கே மாற்றம் செய்த வண்டி தன் பழைய நம்பரைத் தக்கவைக்க 8 பாயிண்ட் வேண்டியிருந்தது, மாற்றாத சேஸிஸ் ஒன்றுக்கே 5 பாயிண்ட் கொடுத்தார்கள். தனி சேஸிஸ் இருப்பதால் ஹெரால்டு அதில் தப்பித்துவிட்டது. அதனால்தான் அங்கே சலூனாகப் பிறந்து கன்வர்டிபிளாகத் திரியும் ஹெரால்டுகள் ஏராளம். அங்கிருந்து வண்டி வாங்குபவர்கள் கமிஷன் நம்பரின் (கம்பெனி வண்டிக்குப் போட்ட வரிசை எண்) கடைசி எழுத்துகளைப் பார்ப்பார்கள். சி.வி. என்று முடிந்தால் பிறவி கன்வர்டிபிள், டி.எல். என்றால் சலூன்.

சரி, வேலைக்கு வருவோம். கூரையைத் தொடும் முன் வண்டிக்கு அடியில் படுங்கள். ஹெரால்டு சேஸிஸின் நடுவில் இரண்டு சட்டங்கள் முதுகெலும்பு மாதிரி ஓடும், அதிலிருந்து இரண்டு பக்கமும் கைகள் நீளும், அவுட்ரிகர் என்பார்கள், அந்தக் கைகளின் முனையைச் சேர்த்துப் பக்கவாட்டு ரெயில் ஓடும். கதவுக்குக் கீழே வெளியில் தெரியும் சில் தகடு வெறும் அலங்காரம்தான், ஹெரால்டில் அது எடை தாங்குவதில்லை. தாங்குவதெல்லாம் அதற்குப் பின்னால் மறைந்திருக்கும் இந்த ரெயிலும் அவுட்ரிகரும். துரு முதலில் தின்பதும் இவற்றைத்தான், பின்னால் டிக்கிக்கு அடியில் இருக்கும் கைகளையும் சேர்த்து. பழைய ஸ்க்ரூ டிரைவரால் ஒவ்வொரு அங்குலமாகக் குத்திக்கொண்டே போங்கள். டங் என்று சத்தம் வந்தால் இரும்பு இருக்கிறது. பொத்தென்று உள்ளே இறங்கினால், கூரை ஆசையை அங்கேயே நிறுத்திவிட்டு அதை முதலில் சரிசெய்யுங்கள். மேலே தார் பெயிண்ட் அடித்து மறைத்திருப்பார்கள், பளபளவென்று இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். நான் ஏமாந்தேன்.

நடந்தது இதுதான். விற்றவர் சேஸிஸ் புதுசு மாதிரி என்றார், நானும் குனிந்து பார்த்துவிட்டு ஆமாம் என்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூரையைக் கழற்றினோம், எல்லோரும் வண்டியில் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டோம். இறங்கிப் போய்க் கதவைச் சாத்தினால் இடதுபக்கக் கதவு பூட்டவில்லை. திங்கட்கிழமை டிங்கர் அண்ணன் வந்தார். ஒன்றும் பேசவில்லை, கதவை மூன்று தடவை திறந்து சாத்திப் பார்த்தார், கதவுக்கும் தூணுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் மேலே ஒரு விரல் நகத்தை வைத்துப் பார்த்தார், அப்புறம் கீழே வைத்துப் பார்த்தார். பிறகு அட்டையை விரித்து அடியில் படுத்தார். இரண்டு நிமிஷத்தில் அடியிலிருந்து கை மட்டும் வெளியே வந்தது, உள்ளங்கையில் ஒரு கைப்பிடி துரு. “இந்த மேற்கூரைதான் தம்பி இத்தனை நாளா வண்டியத் தாங்கிட்டு இருந்துச்சு” என்றார்.

அந்த நகத்தை வைத்துப் பார்த்தாரே, அதை நீங்கள் கூரையைக் கழற்றும் முன்பே செய்ய வேண்டும், ஃபீலர் கேஜோடு (இடுக்கை அளக்கும் மெல்லிய தகடுகள்). வண்டி நாலு சக்கரத்தில் சமதரையில் நிற்கட்டும், ஜாக்கியில் அல்ல. இரண்டு கதவுக்கும் பின்பக்க இடைவெளியை மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் அளந்து, அந்த இடத்திலேயே மாஸ்கிங் டேப் ஒட்டி எண்ணை எழுதிவிடுங்கள். நோட்டுப்புத்தகத்திலும் எழுதுங்கள், டேப் தொலைந்துபோகும். கூரை போனதும் நடுப்பகுதி தொய்ந்தால், கதவு வாசலின் மேல்பக்கம் ஒடுங்கும், கீழ்ப்பக்கம் அப்படியே இருக்கும். என் வண்டியில் மேலே 5 மி.மீ. இருந்தது 2-க்கும் கீழே வந்துவிட்டது. ஜாக்கியை நடுவில் போட்டுத் தூக்கினால் இதற்கு நேர் எதிராக மேலே விரியும், அந்த நிலையில் எதையாவது வெல்டு செய்துவிட்டால் வண்டி ஆயுசுக்கும் கோணல்தான்.

சேஸிஸ் சரியான பிறகு, கூரை இருக்கும்போதே கதவு வாசலுக்குக் குறுக்கே முட்டு கொடுங்கள். 25 மி.மீ. ஸ்கொயர் ட்யூப், 2 மி.மீ. தடிமன், முன்னால் கீல் தூணிலிருந்து பின்னால் பூட்டுத் தூண் வரை ஒன்று. இரண்டு பூட்டுத் தூணையும் இணைத்து அகலவாக்கில் இன்னொன்று. தூணில் ஏற்கனவே இருக்கும் ஓட்டைகளில் தகடு வைத்து போல்ட் போட்டுவிட்டால் வெல்டிங்கும் வேண்டாம், பெயிண்ட்டும் கெடாது. இந்த முட்டு வேலை முடியும் வரைக்கும்தான், பிறகு கழற்றிவிடலாம்.

இப்போது கூரை. ஸ்பேனர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். இந்த வண்டியில் பெரும்பாலும் யூ.என்.எஃப். என்ற இஞ்ச் அளவு மரைதான், கால் இஞ்ச் போல்ட்டுக்கு 7/16 ஸ்பேனர், 5/16 போல்ட்டுக்கு அரை இஞ்ச் ஸ்பேனர். 13-ஆம் நம்பர் மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டு அரை இஞ்ச் தலையைத் திருகினால், அறுபது வருஷத் துருவில் தலை வழுக்கி உருண்டையாகிவிடும், அதற்கப்புறம் உளிதான். முதல் நாள் ராத்திரியே எல்லா போல்ட்டிலும் துருவை இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள்.

பின் கண்ணாடியை முதலிலேயே எடுத்துவிடுங்கள். சுற்றியுள்ள ரப்பர் பீடிங் காய்ந்து கல்லாகியிருக்கும், அதைக் காப்பாற்றப் பார்க்காமல் பிளேடால் அறுத்துவிடுவது உத்தமம், கண்ணாடி பிழைத்தால் போதும். அடுத்து உள்கூரைத் துணியின் முன் ஓரத்தையும் சன் வைஸரையும் கழற்றினால் முன் கண்ணாடி ஃபிரேமின் மேல்விளிம்பில் வரிசையாக போல்ட்டுகள் தெரியும். பின்சீட்டின் பக்கவாட்டு அட்டைகளை எடுத்தால் தூண் அடியில் இருப்பவை தெரியும், பின் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் தட்டை எடுத்தால் மிச்சம். ஒவ்வொரு இடத்து போல்ட்டையும் தனித்தனிக் கவரில் போட்டு எழுதுங்கள், கூடவே வரும் வாஷரையும் பேக்கிங் துண்டையும் அதே கவரில். எல்லாம் கழன்ற பிறகும் கூரை வராது, பழைய சீலண்ட் பிடித்துக்கொண்டிருக்கும். நெம்பாதீர்கள். ஓரத்தில் பெயிண்டருடைய பட்டி தகட்டை விட்டு மெதுவாக அறுத்துக்கொண்டே வாருங்கள். தூக்க நாலு பேர், மூலைக்கு ஒருவர். எடை பெரிதில்லை, அகலம்தான் பிரச்சினை, முறுக்கிக்கொள்ளும்.

கூரை போனதும் முன் கண்ணாடி ஃபிரேம் தனியாக நிற்கும். இதுவும் போல்ட்டில் நிற்கும் துண்டுதான், இத்தனை நாள் கூரை அதைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு யாரும் ஏறி இறங்கக் கூடாது, நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு முக்கியமாகச் சொல்லி வையுங்கள். ஃபிரேமின் கீழ் மூலைகளில் துரு இருக்கிறதா என்று பாருங்கள், அடி போல்ட்டுகளை இறுக்குங்கள்.

பலப்படுத்தும் வேலையில்தான் ஆளாளுக்கு ஒரு கருத்து. என் கருத்து இது. தொழிற்சாலைக் கன்வர்டிபிளில் பின்பாதி வேறு மாதிரி: பூட்டுத் தூண் பலமானது, ஹூட் (மடங்கும் துணிக்கூரை) கம்பிகள் பூட்ட இடம் உண்டு, அந்தக் கம்பிகள் மடங்கி உட்கார இடம் வேண்டுமே என்று பின்சீட்டும் குறுகல். சலூனில் இது எதுவும் இல்லை. முழுப் பின்பாதியும் ஒரு செத்த கன்வர்டிபிளிலிருந்து கிடைத்தால் அதைவிட நல்லது கிடையாது, ஹெரால்டு பாடியே முன்பாதி, பின்பாதி என்று இரண்டாகப் பிரிந்து வரும் சாமான்தானே, போல்ட்டைக் கழற்றி மாற்றிவிடலாம். எனக்குக் கிடைக்கவில்லை. அதனால் இரண்டு பூட்டுத் தூண்களின் அடியிலும் 3 மி.மீ. தகட்டில் முக்கோணம் வெட்டி, தூணையும் தரையையும் சேர்த்து போல்ட் போட்டேன். பின்சீட் முதுகுக்குப் பின்னால் பக்கத்துக்குப் பக்கம் ஒரு ட்யூப். அவ்வளவுதான். சிலர் கதவுக்குள்ளேயும் கம்பி வைக்கிறார்கள், சேஸிஸ் நன்றாக இருந்தால் ஹெரால்டுக்கு அது தேவையில்லை என்பது என் அனுபவம்.

பிறகு கதவு இடைவெளிக்குத் திரும்புங்கள். பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவில் ஒவ்வொரு போல்ட் இடத்திலும் பேக்கிங் இருக்கும், அதைக் கூட்டிக் குறைத்துத்தான் ஹெரால்டில் கதவு வாசலைச் சரிசெய்ய வேண்டும். கதவைத் தேய்ப்பதோ, கீலை வளைப்பதோ அல்ல. ஒரு நேரத்தில் ஒரு பேக்கிங்கை மாற்றி, போல்ட்டை இறுக்கி, அளந்து, எழுதி, அடுத்ததற்குப் போங்கள். எனக்கு இதற்கு மட்டும் நாலு வார இறுதி ஆனது. டேப்பில் எழுதிய பழைய எண் திரும்ப வந்த பிறகுதான் முட்டுக் கம்பியைக் கழற்றினேன்.

முதல் ஓட்டம் 20 கிலோமீட்டர் வேகத்துக்குள், வேகத்தடை ஒன்றில் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் ஏறும்படி. டேஷ்போர்டையும் கதவின் மேல் ஓரத்தையும் பார்த்துக்கொண்டே ஏறுங்கள். கொஞ்சம் நடுங்கும், எந்த ஓபன் காரும் நடுங்கும். கதவு தானாகத் திறந்தாலோ, ஏறி இறங்கியதும் கதவு முன்பு போல் சாத்தவில்லை என்றாலோ, திரும்ப அட்டையை விரித்து அடியில் படுக்க வேண்டியதுதான்.

இதே ஆசையோடு அம்பாசிடரோ பத்மினியோ வைத்திருப்பவர்களுக்கு: அவை மோனோகாக், தனி சேஸிஸ் இல்லை. கூரையும் சில்லும் தரையும் சேர்ந்துதான் எலும்புக்கூடு. மேலே எடுத்த பலத்தைக் கீழே திருப்பிக் கொடுத்தாக வேண்டும். கம்பெனிகளே அப்படித்தான் செய்தன. ஃபோர்டு மஸ்டாங்கின் 1965 கன்வர்டிபிளில் சில்லின் உள்தகடு தடிமனானது, முன்னால் பெட்டி போல் முட்டுகள், முன்சீட்டுக்கு அடியில் கூடுதல் தகடு. ஜெர்மனியின் ஒஸ்னாப்ரூக்கில் கார்மன் கம்பெனி 1949 முதல் 1980 வரை 3,30,000-க்கும் மேல் பீட்டில் கன்வர்டிபிள்களைச் செய்தது, அவற்றிலும் சில்லுக்கு அடியில் தனியாக ரெயில் உண்டு. கூரையே இல்லாத வண்டி கூரை உள்ள வண்டியைவிட எடை கூடுதல் என்பது இதனால்தான். அறுக்கும் மெஷினை முதலில் எடுக்கும் பட்டறையிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள், சில்லுக்குள் என்ன வைக்கப்போகிறீர்கள் என்று கேளுங்கள், பதிலைப் பொறுத்துச் சாவியைக் கொடுங்கள்.

கடைசியாக ஹூட் துணி. கம்பிகள் வெளிநாட்டிலிருந்து பழையது வரவழைக்கலாம், நான் நல்ல படங்களை வைத்து லேத்தில் செய்தேன், மடிப்பு ஆணிகள் மூன்று தடவை தப்பாக வந்தன. முன் ஃபிரேமில் ஹூட் கொக்கி மாட்டுவதற்குக் கூரை போல்ட் இருந்த அதே ஓட்டைகளில் ஒரு பட்டையைப் பூட்டி, அதில் கொக்கியை வைத்தேன். புது ஓட்டை போடவில்லை. துணிக்கு ஜீப் படுதா தைப்பவரே போதும், கார் சீட் தைக்கிறவரைவிட அவருக்குத்தான் தண்ணீர் எங்கே நிற்கும் என்று தெரிகிறது. கனமான ரெக்ஸின் எடுத்தால் உச்சி வெயிலில் பூட்டுங்கள், சூட்டில் இளகிக் கொடுக்கும், ஆறியதும் தம்பட்டம் மாதிரி இறுகும். துணியின் நடுக்கோட்டைச் சாக்பீஸால் போட்டுக்கொண்டு, பின்னால் நடுவிலிருந்து தொடங்கி இரண்டு பக்கமும் போய், முன் விளிம்பைக் கடைசியாக ஒட்டுங்கள். கதவுக் கண்ணாடியை மேலே ஏற்றி வைத்துக்கொண்டுதான் ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவில் மழை வழி கண்டுபிடித்துவிடும்.

பூட்டிய பிறகு ஒரு வாரம் மடிக்கவே வேண்டாம். அதற்கப்புறமும் ஈரத்தோடு மடிக்காதீர்கள், பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் ஜன்னல் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு வெள்ளையாகப் பூத்துவிடும். நடுவில் ஒரு பழைய காட்டன் வேட்டியை வைத்து மடியுங்கள். கழற்றிய இரும்புக் கூரையைத் தரையில் சாய்த்து வைத்தால் வளையும். என்னுடையது ஷெட் விட்டத்தில் நாலு கயிற்றில் தலைகீழாகத் தொங்குகிறது, உள்ளே போல்ட் கவர்கள், போன மாதம் ஒரு பூனை குட்டி போட்டிருக்கிறது.